யென் விழுந்தும் ஜப்பானியக் கீபோர்டு விலை ஏன் குறையவில்லை?

ஜப்பானிய யென் இவ்வளவு சரிந்திருக்கும்போது ஜப்பானிய நிறுவனங்களின் கீபோர்டும் கிதாரும் சென்னைக் கடைகளில் மலியாமல் ஏன் விலை ஏறிக்கொண்டே போகின்றன, மாற்று விகிதம் சாதகமாகும்வரை காத்திருந்து வாங்குவது சரியா, கையில் இருக்கும் பழைய கருவியை எப்போது விற்பது என்று மூன்றையும் சேர்த்தே கேட்டிருக்கிறீர்கள். இசைக்கருவி இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் சில ஆண்டுகள் உட்கார்ந்து, சரக்கு வந்த நாளின் டாலர் விலையையும் பணம் கட்டிய நாளின் டாலர் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் கேள்விக்கான விடை, கருவியின் மேல் பொறித்திருக்கும் பெயர் எந்த நாட்டுக்குரியது என்பதற்கும் அதன் விலையை நிர்ணயிக்கும் நாணயம் எது என்பதற்கும் பெரும்பாலும் தொடர்பே இல்லை என்பதுதான். ரோலண்டு ஜப்பானிய நிறுவனம். ஆனால் அதன் கருவிகளில் பெரும்பங்கு மலேசியாவில் உருவாகிறது. ஐபனெஸ் கிதார்களை விற்கும் ஹோஷினோ காக்கி நகோயாவில் இருக்கிறது. அதன் உயர்விலைக் கிதார்கள் ஜப்பானில் செய்யப்பட்டாலும், நம் ஊர்க் கடைகளில் வரிசையாகத் தொங்குபவை இந்தோனேசியாவிலும் சீனாவிலும் செய்யப்பட்டவை. யமஹாவுக்கு இந்தோனேசியாவிலும் சீனாவிலும் ஆலைகள் உண்டு. 2019 முதல் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே ஓர் ஆலை இயங்குகிறது. ஆகவே நீங்கள் 'ஜப்பான் கீபோர்டு' என்று வாங்குகிற பெட்டிக்குள் இருக்கும் உழைப்பிலும் பொருளிலும் யென்னில் கணக்கிடப்படும் பகுதி மிகச் சிறியதாக இருக்கலாம்.

அடுத்தது இன்வாய்ஸ் எந்த நாணயத்தில் எழுதப்படுகிறது என்பது. மலேசியாவிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ ஒரு கருவி சென்னைத் துறைமுகத்துக்கு வரும்போது, அதற்கான விலை ரிங்கிட்டிலோ ருபியாவிலோ எழுதப்படுவது அரிது. அமெரிக்காவுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத இந்த வியாபாரம் பெரும்பாலும் அமெரிக்க டாலரில்தான் நடக்கிறது. எனவே இந்திய இறக்குமதியாளர் ஒவ்வொரு காலையிலும் பார்ப்பது ரூபாய்க்கும் டாலருக்கும் இடையிலான விகிதத்தை மட்டுமே. ஒரு டாலருக்கு எத்தனை யென் என்பது ஜப்பானில், யமஹாவின் தலைமையகம் இருக்கும் ஹமமட்சுவில் உட்கார்ந்திருக்கும் கணக்காளரின் கவலை. தம்முடைய டாலர் வருமானத்தை யென்னாக மாற்றும்போது கூடுதல் இலாபம் தெரிந்தால் அவர் மகிழ்வாரே தவிர, அந்த இலாபத்தை விலைக்குறைப்பாகச் சென்னைக்கு அனுப்பி வைக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

இதை எண்களில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். 2020ஆம் ஆண்டின் நடுவில் ஒரு டாலர் சுமார் 75 ரூபாய், சுமார் 107 யென். அதாவது 100 யென்னுக்கு ஏறத்தாழ 70 ரூபாய். 2024 ஜூலையில் ஒரு டாலர் சுமார் 83.50 ரூபாய், யென்னோ டாலருக்கு 161 வரை இறங்கி 1986க்குப் பிறகு காணாத சரிவைத் தொட்டது. அப்போது 100 யென்னுக்கு 52 ரூபாய்தான். இந்த நான்கு ஆண்டுகளில் டாலரில் விலை வைத்த கருவி, அதன் டாலர் விலை மாறாமலே இருந்திருந்தாலும், ரூபாயில் 11 சதவீதம் ஏறியது. யென்னில் விலை வைத்த கருவியோ ரூபாயில் கால் பங்கு இறங்கியது. அதே நிறுவனத்தின் அதே கிதார், எந்த நாணயத்தில் உங்களிடம் வந்து சேர்கிறது என்பதைப் பொறுத்து, ஒருவருக்கு ஏறியும் மற்றவருக்கு இறங்கியும் இருந்திருக்கிறது.

யென் சரிவின் பலனை உண்மையிலேயே அனுபவித்தவர்கள் நேரில் போனவர்கள். தோக்கியோவின் ஒச்சனோமிசு பகுதியில் தெரு முழுவதும் கிதார் கடைகள். அங்கே 2 இலட்சம் யென் விலை எழுதியிருந்த ஒரு பழைய கிதார் 2020இன் விகிதத்தில் 1,40,000 ரூபாயாகவும் 2024இன் நடுவில் 1,05,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகவும் ஆகியிருக்கும். வெளிநாட்டுப் பயணிகளுக்கு அந்நாட்டின் 10 சதவீத நுகர்வு வரியில் விலக்கும் உண்டு. அதனால் அந்த ஆண்டுகளில் அமெரிக்கரும் ஐரோப்பியரும் அங்கே அள்ளிக்கொண்டு போனதில் வியப்பில்லை. நம்மவர்கள் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: ஊர் திரும்பும்போது பயணச் சாமான்களுக்கான வரம்பைத் தாண்டிய மதிப்புக்குச் சுங்கம் கட்ட வேண்டும், அதையும் கூட்டிப் பார்த்த பிறகுதான் இலாபம் இலாபமாகும்.

இனி, டாலர் 10 சதவீதம் ஏறினால் கடை விலையும் அதே அளவு ஏற வேண்டுமா என்று பார்ப்போம். ஏற வேண்டியதில்லை. ஒரு கீபோர்டு கப்பல் கூலி, காப்பீடு எல்லாம் உட்பட 500 டாலருக்குச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்குகிறது என்று கொள்வோம். சுங்கமும் வரிகளும் சேர்ந்து 30 சதவீதம் என்றும், இறக்குமதியாளர், விநியோகஸ்தர், கடைக்காரர் ஆகியோரின் செலவும் இலாபமும் சேர்ந்து 12,000 ரூபாய் என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். டாலர் 75 ரூபாயாக இருக்கும்போது அடக்கம் 37,500 ரூபாய், வரியோடு 48,750, கடைசி விலை 60,750. டாலர் 85 ஆனால் அடக்கம் 42,500, வரியோடு 55,250, கடைசி விலை 67,250. டாலர் 13.3 சதவீதம் ஏறியிருக்க, கருவி 10.7 சதவீதம்தான் ஏறியிருக்கிறது. கடை வாடகையும் ஊழியர் சம்பளமும் டாலரைப் பார்த்து நகர்வதில்லை என்பதே காரணம். ஆனால் இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது வரிதான். வரி விகிதம் மாறாமலே அரசுக்குப் போகும் தொகை 11,250இலிருந்து 12,750 ஆகிவிட்டது. டாலர் ஏறும்போதெல்லாம் சுங்க வரியும் சத்தமில்லாமல் கூடவே ஏறுகிறது. அதுவும் நீங்கள் வங்கியில் பார்க்கும் விகிதத்தில் கணக்கிடப்படுவதில்லை; சுங்கத்துறை இறக்குமதிக்கென்று தனியாக அறிவிக்கும் விகிதத்திலேயே மதிப்பு போடப்படும். கடைக்காரர்கள் தங்கள் பங்கை ரூபாயாக வைக்காமல் சதவீதமாக வைத்தால், 13.3 சதவீதமும் அப்படியே உங்கள் தலையில் விழும். எங்கள் அனுபவத்தில் பெரிய கருவிகளுக்கு ரூபாய்க் கணக்கும், சிறிய பொருள்களுக்குச் சதவீதக் கணக்குமே வழக்கம். ஆகவே டாலர் ஏற்றத்தை டிஜிட்டல் பியானோவைவிடத் தந்தியும் ரீடும் முழுமையாகக் காட்டிவிடும்.

இந்த ஏற்றம் கடைக்கு வந்துசேரப் பிடிக்கும் காலம் வேறொரு கதை. 2013ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் டாலர் 54 ரூபாய். அந்த வாரம் எங்கள் நிறுவனம் 40,000 டாலர் மதிப்புள்ள டிஜிட்டல் பியானோக்களை 90 நாள் கடனுக்கு வாங்க ஒப்புக்கொண்டது, ரூபாயில் 21.6 இலட்சம் என்று எழுதிவைத்து, அதன் மேல் விலைப்பட்டியலும் அச்சடித்தாகிவிட்டது. சரக்கு வந்து இறங்கிப் பாதி விற்றும் போனது. அமெரிக்க மத்திய வங்கி தன் பத்திரக் கொள்முதலைக் குறைக்கப் போவதாகச் சொன்னதிலிருந்து ரூபாய் சரியத் தொடங்கி, ஆகஸ்ட் 28 அன்று 68ஐயும் தாண்டியது. கொஞ்சம் தள்ளிப்போட்டால் இறங்கிவிடும் என்று காத்திருந்து, கடைசியில் நாங்கள் 66 ரூபாய்க்கு டாலர் வாங்கிப் பணம் கட்டினோம், 26.4 இலட்சம். பாதி விற்றுப்போன சரக்குக்கு 4.8 இலட்ச ரூபாய் கூடுதலாகக் கொடுத்தோம், அந்த ஆண்டு பியானோவில் எங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய இலாபம் முழுவதும் அதில் கரைந்தது. வங்கியில் 'ஃபார்வர்டு' ஒப்பந்தம் போட்டு மூன்று மாதம் கழித்து வேண்டிய டாலரை அன்றே ஒரு விலைக்கு உறுதிசெய்திருக்கலாம். அதற்கு ஒரு செலவு உண்டு. இந்தியாவில் வட்டி அமெரிக்காவைவிட அதிகமாக இருப்பதால் முன்கூட்டி உறுதிசெய்யும் டாலர் அன்றைய டாலரைவிடச் சற்று விலை கூடியதாகவே இருக்கும். அந்தச் சிறு செலவை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் பெருஞ்செலவில் விழுந்தோம்.

அப்படி ஒருமுறை அடிபட்ட இறக்குமதியாளர் அடுத்தமுறை என்ன செய்வார் என்பதில்தான், விலை ஏறும்போது வேகமாகவும் இறங்கும்போது ஆமை நடையாகவும் இருப்பதற்கான காரணம் இருக்கிறது. டாலர் ஏறியவுடன், பழைய விலைக்கு வாங்கிவைத்த சரக்குக்கும் அவர் புதிய விலை போடுகிறார். வாடிக்கையாளருக்கு இது கொள்ளையாகத் தெரியும். அவருக்கோ, இன்று இதை விற்ற பணத்தில் நாளை இன்னொன்று வாங்கிவைக்க முடியுமா என்பதுதான் கேள்வி. டாலர் இறங்கும்போது அதே தர்க்கப்படி விலையைக் குறைக்க வேண்டும். ஆனால் அப்போது மட்டும் 'பழைய ஸ்டாக் சார், ஏறின விலைக்கு வாங்கினது' என்ற பதில் வரும். இரண்டு வாதங்களும் தனித்தனியே நியாயமானவை. இரண்டையும் ஒரே கடைக்காரர் மாற்றி மாற்றிச் சொல்வதுதான் நியாயமில்லை. பெட்டியின் மேல் அச்சாகியிருக்கும் அதிகபட்சச் சில்லறை விலையைக் குறைத்து மறுபடி அச்சிட யாரும் முனைவதில்லை. அதற்குப் பதில் பேரத்தில் தள்ளுபடி கூடும், தாங்கியோ உறையோ இலவசமாக வரும். டாலர் இறங்கிய மாதங்களில் நீங்கள் பார்க்க வேண்டியது விலைச்சீட்டையல்ல, கடைக்காரர் எவ்வளவு இறங்கி வருகிறார் என்பதைத்தான்.

மாற்று விகிதம் விலையை மட்டும் மாற்றுவதில்லை, சில சமயம் கருவி செய்யப்படும் இடத்தையே மாற்றிவிடும். கிதார் உலகில் இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு 1985. அந்த ஆண்டு ஃபெண்டர் என்ற அமெரிக்கக் கிதார் நிறுவனத்தை அதன் நிர்வாகிகளும் முதலீட்டாளர்களும் சேர்ந்து சிபிஎஸ் என்ற ஒலிபரப்பு நிறுவனத்திடமிருந்து வாங்கினார்கள். கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரிலிருந்த ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. 1982இலேயே ஃபெண்டர் ஜப்பான் தொடங்கி, மட்சுமோட்டோ நகரின் ஃபூஜிகென் ஆலையில் கிதார்கள் தயாராகிக்கொண்டிருந்ததால், புதிய உரிமையாளர்கள் அந்த ஜப்பானியக் கிதார்களை நம்பியே காலம் தள்ளினர். அதே ஆண்டு செப்டம்பர் 22 அன்று நியூயார்க்கின் பிளாசா விடுதியில் அமெரிக்கா, ஜப்பான், மேற்கு ஜெர்மனி, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய ஐந்து நாடுகளும் கூடி, டாலரின் மதிப்பை இறக்குவதென்று உடன்பட்டன. அப்போது டாலருக்கு 240 யென். 1988 தொடக்கத்தில் 130க்கும் கீழே. ஜப்பானில் 60,000 யென்னுக்கு அடக்கமான ஒரு கிதார் 1985 கோடையில் அமெரிக்காவில் 250 டாலர். 125 யென் என்ற விகிதத்தில் அதுவே 480 டாலர். கிதாரில் ஒரு திருகாணிகூட மாறவில்லை. மலிவு விலையில் ஓர் ஆரம்பநிலைக் கிதார் என்ற ஜப்பானின் இடம் மூன்றே ஆண்டுகளில் பறிபோனது. ஃபெண்டர் கலிபோர்னியாவின் கரோனாவில் புது ஆலை அமைத்தது, 1987இல் எல்லைக்கு அப்பால் மெக்சிகோவின் என்செனடாவுக்குப் போனது, ஸ்குவையர் பெயரில் வந்த மலிவுக் கிதார்கள் கொரியாவுக்கு இடம்பெயர்ந்தன. இன்று பழைய ஜப்பானிய ஸ்குவையரை அருமைப் பொருளாகத் தேடி வாங்குகிறவர்கள், அது நின்றுபோனதில் தரத்தைவிட நாணயத்துக்கே பங்கு அதிகம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

பழைய கருவிகளின் சந்தைக்கு வருகிறேன், ஏனெனில் உங்கள் மூன்றாவது கேள்வி அதைப் பற்றியது. இறக்குமதிக் கருவியின் செகண்ட் ஹேண்ட் விலை, அதே கருவி இன்று புதிதாக என்ன விலை என்பதைப் பிடித்துக்கொண்டே நகரும். 2011 ஜூலையில் டாலர் 44.50 ரூபாயாக இருந்தபோது 1,000 டாலர் கீபோர்டு ஒன்றை (வரியை விட்டுவிடுவோம்) 44,500 ரூபாய்க்கு ஒருவர் வாங்குகிறார். இரண்டாண்டு வாசித்துவிட்டு 2013 செப்டம்பர் வாக்கில், டாலர் 65 ரூபாயாக இருக்கும்போது, புது விலையில் 70 சதவீதத்துக்கு விற்கிறார். 45,500 ரூபாய் கிடைக்கிறது. வாங்கியதைவிட ஆயிரம் ரூபாய் கூடுதல்! அக்காலத்தில் இப்படி விற்ற பலர், கீபோர்டு தங்கம் மாதிரி என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டதை நானே கேட்டிருக்கிறேன். உண்மையில் அந்தக் கருவி தன் மதிப்பில் 30 சதவீதத்தை இழந்துவிட்டது. அந்த இழப்பை ரூபாயின் சரிவு மூடி மறைத்திருக்கிறது, அவ்வளவுதான். அதே கீபோர்டைப் புதிதாக வாங்க இப்போது 65,000 வேண்டும், கையிலிருந்து 19,500 போட்டாக வேண்டும். கருவியை விற்றுவிட்டு இசையையே விட்டுவிடுகிறவருக்கு மட்டும்தான் அந்த ஆயிரம் ரூபாய் இலாபம் உண்மையான இலாபம்.

இந்த மயக்கம் எவ்வளவு பெரிதாக முடியும் என்பதைக் காட்ட ஒரு வயலினின் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில் எனக்குத் தனி விருப்பம் உண்டு. அந்தோனியோ ஸ்திராடிவாரி 1721இல் செய்த 'லேடி பிளண்ட்' என்ற வயலின், 1971 ஜூனில் இலண்டனில் சோதபீஸ் ஏலத்தில் 84,000 பவுண்டுக்குப் போனது. நாணயங்களுக்கு நிலையான விகிதம் இருந்த கடைசி மாதங்கள் அவை. ஒரு பவுண்ட் 2.40 டாலர், ஒரு டாலர் 360 யென், நம் ரூபாயில் 7.50. ஆக விலை சுமார் 2 இலட்சம் டாலர், 7.26 கோடி யென், 15.12 இலட்சம் ரூபாய். நாற்பது ஆண்டுகள் கழித்து 2011 ஜூனில் டாரிசியோ ஏல நிறுவனம் அதை 98 இலட்சம் பவுண்டுக்கு, அதாவது 1.59 கோடி டாலருக்கு விற்றது. அப்போது டாலருக்குச் சுமார் 80 யென், சுமார் 45 ரூபாய். எனவே 127 கோடி யென், 71.5 கோடி ரூபாய்.

இப்போது பெருக்கிப் பாருங்கள். பவுண்டில் கணக்கு வைத்தவருக்கு அந்த வயலின் 117 மடங்கு ஏறியது. டாலரில் வைத்தவருக்கு 79 மடங்கு. ரூபாயில் வைத்த ஒருவர் இருந்திருந்தால் அவருக்கு 473 மடங்கு. யென்னில் வைத்தவருக்கோ பதினேழரை மடங்குதான். ஒரே வயலின், அதே மரம், அதே இரண்டு ஏலங்கள். 'ஸ்திராடிவாரி வயலின் நூறு மடங்கு ஏறியது' என்று யாராவது சொன்னால், எந்த நாட்டுக் காசில் என்று கேட்காமல் அதற்குப் பொருளே இல்லை. இதில் இன்னொரு கசப்பும் உண்டு. 2011இல் அதை விற்றது ஜப்பானின் நிப்பான் இசை அறக்கட்டளை. அந்த ஆண்டு மார்ச்சில் வந்த நிலநடுக்கத்திலும் ஆழிப்பேரலையிலும் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவவே விற்றது. செலவு ஜப்பானில், யென்னில். யென்னோ அந்த ஆண்டு வரலாற்று உச்சத்தில் இருந்தது. 2024இன் 160 யென் விகிதத்தில் அதே டாலர் தொகை 254 கோடி யென்னாகியிருக்கும், ஏறத்தாழ இரு மடங்கு. துயரம் நாணயச் சந்தையைப் பார்த்து வருவதில்லை.

விற்பதைப் பற்றிப் பேசும்போது நம்முடைய கருவிகளை வெளிநாட்டுக்கு விற்பதையும் சொல்ல வேண்டும். பண்ணுருட்டிப் பலாமரத்தில் தஞ்சாவூரில் செய்யும் வீணைக்கு மூலப்பொருள், உழைப்பு எல்லாம் பெரும்பாலும் ரூபாயில். ரூபாய் சரிந்தால் வெளிநாட்டில் வீணை மலிவாகி விற்பனை கூட வேண்டும் என்பது பாடநூல் விடை. ஆனால் எந்த வெளிநாடு என்று கேட்க வேண்டும். கணக்குக்காக ஒரு வீணையின் விலை 2014இன் நடுவிலும் 2024இன் தொடக்கத்திலும் 40,000 ரூபாயாகவே இருந்ததாக வைப்போம் (உண்மையில் விலை ஏறித்தான் இருக்கிறது). சிங்கப்பூர் டாலர் இந்தப் பத்தாண்டில் 48 ரூபாயிலிருந்து சுமார் 62 ரூபாயாகிவிட்டது. சிங்கப்பூர்த் தமிழருக்கு வீணை 833 வெள்ளியிலிருந்து (சிங்கப்பூர் டாலரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) 645 வெள்ளிக்கு இறங்கியிருக்கும். பாலத்தைத் தாண்டி மலேசியாவின் ஜோகூரில் இருக்கும் தமிழருக்கோ, ரிங்கிட் 18.75 ரூபாயிலிருந்து 17.40க்குச் சரிந்துவிட்டதால், 2,133 ரிங்கிட்டாக இருந்த வீணை 2,300 ரிங்கிட்டாக ஏறியிருக்கும். இருவரும் ஒரே நாளில் ஒரே தஞ்சாவூர்ப் பட்டறைக்குத் தொலைபேசியில் பேசியிருக்கலாம்.

இதில் மிகக் கடுமையாக அடிபட்டது இலங்கை. 2022 தொடக்கத்தில் ஓர் இந்திய ரூபாய் சுமார் 2.70 இலங்கை ரூபாய். மார்ச்சில் அந்நாட்டு மத்திய வங்கி நாணயத்தைத் தாங்கிப் பிடிப்பதை விட்டு, சந்தையின் போக்குக்கு விட்டதும், டாலருக்கு 200ஐ ஒட்டி நின்ற இலங்கை ரூபாய் மே மாதத்தில் 360 ஆயிற்று. 40,000 இந்திய ரூபாய் வீணை 1,08,000 இலங்கை ரூபாயிலிருந்து நான்கு மாதத்துக்குள் 1,86,000 ஆனது. அதுவும் டாலர் கிடைத்தால்தான். வங்கிகளிடம் அந்நியச் செலாவணியே இல்லாத மாதங்கள் அவை. யாழ்ப்பாணத்தில் வீணையோ மிருதங்கமோ கற்றுக்கொண்டிருந்த ஒரு பிள்ளைக்குப் புதுக்கருவி அன்று எட்டாத பொருளாகிவிட்டது. அதே நேரத்தில் அங்கே வீட்டில் சும்மா இருந்த பழைய வீணைக்கு வந்த மதிப்பையும் எண்ணிப் பாருங்கள்: புதுக்கருவி வராத ஊரில் பழையதன் விலையை நிர்ணயிப்பது மாற்று விகிதமல்ல, தட்டுப்பாடு.

ரூபாய் சரிவின் பலன் கருவி செய்கிறவருக்குப் போய்ச் சேருகிறதா என்றால், பெரும்பாலும் இல்லை. பட்டறைக்காரர் ரூபாயில் விலை சொல்கிறார், இடையில் இருக்கும் ஏற்றுமதியாளர் டாலரில் விற்கிறார். வித்தியாசம் இடையிலேயே தங்கிவிடுகிறது. நேரடியாக விற்க முனைந்தால் விமானக் கூலி குறுக்கே நிற்கும். வீணை எடை குறைவு, பெட்டி பெரிது. கூலி எடைக்கல்ல, அடைக்கும் இடத்துக்கு. அந்தக் கூலியும் டாலரின் போக்கிலேயே ஏறுவதால், ரூபாய் சரிவில் கிடைத்த சலுகையில் ஒரு பங்கை அது தின்றுவிடுகிறது.

வெளிநாட்டு இணையக் கடைகளில் தாமே வாங்குகிறவர்களுக்கு எந்த நாணயத்தில் வாங்குவது என்பதில் கொஞ்சம் சுதந்திரம் இருக்கிறது, அதைப் பலர் பயன்படுத்துவதில்லை. 2021 மே மாதம் யூரோ சுமார் 89 ரூபாய், டாலர் 73. 2022 செப்டம்பரில் யூரோ டாலருக்குக் கீழே இறங்கியபோது யூரோ சுமார் 79, டாலர் 81. வியன்னாவில் செய்த டாமினண்ட் வயலின் தந்திகளை அந்த மாதம் ஜெர்மன் கடையில் யூரோவில் வாங்கியவருக்கு 11 சதவீதம் மலிவு. அதே தந்தியைப் பழக்கத்தால் அமெரிக்கக் கடையில் டாலரில் வாங்கியவருக்கு அதே அளவு விலையேற்றம். ஆனால் இந்தச் சாமர்த்தியத்துக்கும் ஓர் எல்லை உண்டு. நம் கடன் அட்டைகளில் பல, அந்நிய நாணயச் செலவுக்கு 3.5 சதவீதம் வரை கட்டணம் பிடிக்கின்றன, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. மொத்தம் நான்கு சதவீதத்தைத் தாண்டும். டாலர் நாளை ஐம்பது பைசா இறங்குமா என்று பார்த்துக் காத்திருப்பவர், அரை சதவீதத்துக்காகக் காத்திருந்து நான்கு சதவீதத்தை விட்டுவிடுகிறார். கட்டணம் குறைந்த அட்டையைத் தேடுவதே முதல் வேலை. வெளிநாட்டுக் கடை தானாகவே ரூபாயில் விலை காட்டி 'ரூபாயிலேயே செலுத்தலாம்' என்று அழைத்தால் மறுத்துவிடுங்கள்; அந்த மாற்று விகிதத்தை அவர்கள் தங்கள் வசதிக்கு வைத்திருப்பார்கள். அவர்களுடைய நாணயத்திலேயே செலுத்துவது ஏறக்குறைய எப்போதும் மலிவு.

காத்திருக்கலாமா என்ற உங்கள் இரண்டாம் கேள்விக்கு என் கருத்து: ரூபாய் டாலருக்கு எதிராகப் பல ஆண்டுகளில் நகர்ந்த திசை ஒன்றே. 2011இன் நடுவில் 44, 2020இல் 75, 2024 முடிவில் 85. நடுவில் சில மாதங்கள் டாலர் இறங்கியிருக்கிறது. அந்த இறக்கம் கடை விலைச்சீட்டுக்கு வந்து சேருமுன் மீண்டும் ஏறியும் இருக்கிறது. தேவை உண்மையானதாக இருந்தால், டாலருக்காக ஓராண்டு காத்திருப்பதில் கிடைப்பதைவிட அந்த ஓராண்டு வாசிக்காமல் இழப்பது அதிகம். பண்டிகைத் தள்ளுபடிக்கு இரண்டு மாதம் பொறுப்பது வேறு. அது மாற்று விகிதத்தைவிட நம்பகமானது.

பழையதை விற்பதைப் பொறுத்தவரை, டாலர் ஏறியிருக்கும்போது விற்றால் நல்ல விலை என்று தனியாகத் திட்டமிடாதீர்கள். புதியதும் அதே டாலரில்தான் ஏறியிருக்கும். இரண்டையும் ஒரே வாரத்தில் முடித்துக்கொள்ளுங்கள். அப்போது விகிதம் எப்படி இருந்தாலும் நீங்கள் கையிலிருந்து போட வேண்டியது வித்தியாசத் தொகை மட்டும், மாற்று விகிதத்தின் அடி அந்தத் தொகையின் மேல்தான் விழும். டாலர் ஏறிக்கொண்டிருக்கும் மாதத்தில் பழையதை விற்றுவிட்டுப் புதியதற்கு மூன்று மாதம் காத்திருப்பவரின் நிலை, 90 நாள் கடனில் பியானோ வாங்கிய எங்கள் நிலைதான்.